ஏழு வெற்றி, ஒரு தோல்வி, அப்புறம் அணியே இல்லை: ஆர்லாண்டோ அப்பல்லோஸ் கதை

2019 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில், ஆர்லாண்டோ நகரில், ஒரு புதிய தொழில்முறை ஃபுட்பால் அணி களமிறங்கியது. பெயர் ஆர்லாண்டோ அப்பல்லோஸ். எட்டு ஆட்டம் ஆடியது, ஏழில் ஜெயித்தது, லீக்கில் முதலிடத்தில் இருந்தது. ஒன்பதாவது ஆட்டம் நடக்கவே இல்லை. ஏப்ரல் 2 அன்று லீக்கையே நிறுத்திவிட்டார்கள். முதல் ஆட்டத்திலிருந்து எண்ணினால் இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

மோசமாக ஆடும் அணி ஆதரவு இழந்து மூடப்படுவது புரிகிறது. எல்லாரையும் தோற்கடித்துக்கொண்டிருந்த அணி எப்படிக் காணாமல் போகும்? ஒரு புதிய லீக் எப்படித் தொடங்குகிறது, அதன் பணம் எங்கிருந்து வருகிறது, அதற்குள் ஓர் அணி என்பது சட்டப்படி என்ன என்று பார்த்தால் இதற்கு விடை கிடைத்துவிடும். அமெரிக்கன் ஃபுட்பாலை ஒரு தடவைகூடப் பார்க்காதவர்களுக்கும் புரியும்படி சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் ஆட்டம். நாம் கால்பந்து என்று சொல்லும் ஆட்டம் இதுவல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள், அல்லது எறிவார்கள். ஒரு பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள். அதற்குள் குறைந்தது 10 யார்டு முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு முயற்சி, இல்லையென்றால் பந்து எதிரணிக்கு. பந்தை எல்லைக்கோடு தாண்டிக் கொண்டுபோனால் டச் டவுன், ஆறு புள்ளி. ஒவ்வொரு முயற்சியிலும் பந்தை முதலில் கையில் வாங்கி, யாரிடம் கொடுப்பது, யாருக்கு எறிவது என்று முடிவெடுப்பவர் குவார்ட்டர்பேக். இந்தக் கட்டுரைக்கு இவ்வளவு போதும்.

இந்த ஆட்டத்தின் உச்ச மேடை என்.எஃப்.எல். மொத்தம் 32 அணிகள். செப்டம்பரில் தொடங்கி பிப்ரவரியில் சூப்பர் பவுல் என்ற இறுதி ஆட்டத்தோடு முடியும். அந்தக் காலகட்டத்தில் ஒவ்வொரு அணியும் கோடைப் பயிற்சிக்கு 90 பேரை எடுத்துக்கொண்டு, ஆகஸ்ட் கடைசியில் 53 பேராகக் குறைத்தது. 32 அணிகளையும் கூட்டிப் பாருங்கள்: சில நாள்களுக்குள் 1,100-க்கும் அதிகமானவர்களுக்கு வேலை போனது. அணிக்குப் பத்துப் பேர் வீதம் பயிற்சிக் குழுவில் திரும்ப எடுத்துக்கொள்ளப்பட்டாலும் எண்ணூறுக்கு மேல் வெளியேதான் நின்றார்கள்.

வெளியே நிற்பவர் திறமை இல்லாதவர் என்று நினைத்துவிடக் கூடாது. 53-க்கும் 54-க்கும் நடுவில் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை. ஆனால் அந்த 54-ஆவது ஆளுக்கு ஒரு பெரிய பிரச்சினை: ஆடுவதற்கு வேறு இடம் கிடையாது. ஆடாவிட்டால் அவர் ஆட்டத்தின் வீடியோப் பதிவு இருக்காது. அமெரிக்க ஃபுட்பால் உலகில் இதை ‘டேப்’ என்பார்கள். ஒரு வீரரை எடுக்கலாமா வேண்டாமா என்று அணிகள் முடிவு செய்வது அந்தப் பதிவை ஓட்டிப் பார்த்துத்தான். கல்லூரியில் ஆடிய பழைய டேப்பைக் காட்டி இரண்டு வருடம் வேண்டுமானால் ஒப்பேற்றலாம். அதற்குப் பிறகு யாரும் போன் எடுக்க மாட்டார்கள். சம்பளத்துக்கு அடுத்தபடி, ஒரு புதிய லீக் வீரருக்குக் கொடுக்கக்கூடிய பெரிய சொத்து இந்த டேப்தான் என்பேன்.

ஆக, ஒரு பக்கம் வேலையில்லாத நல்ல வீரர்கள். இன்னொரு பக்கம், பிப்ரவரிக்குப் பிறகு ஏழு மாதம் ஃபுட்பால் இல்லாமல் இருக்கும் ரசிகர்கள். இந்த இரண்டையும் பார்த்து, வசந்த காலத்தில் ஒரு லீக் நடத்தலாமே என்று தலைமுறைக்கு ஒருவராவது கிளம்பிவிடுகிறார்.

இந்தத் தடவை கிளம்பியவர்கள் சார்லி எபர்சாலும் பில் போலியனும். போலியன் என்.எஃப்.எல். அணிகளை நிர்வகித்துப் பழுத்தவர். எபர்சால் தொலைக்காட்சி, திரைத்துறை ஆள். 2001-இல் மல்யுத்த நிகழ்ச்சிகள் நடத்திய வின்ஸ் மெக்மேன் எக்ஸ்.எஃப்.எல். என்று ஒரு ஃபுட்பால் லீக் தொடங்கி ஒரே சீசனில் மூடினார், அதில் என்.பி.சி. தொலைக்காட்சி சார்பில் கூட்டாளியாக இருந்தவர் எபர்சாலின் அப்பா டிக். அந்தத் தோல்வியைப் பற்றி மகன் ஆவணப்படமே எடுத்திருக்கிறார். எங்கெல்லாம் பள்ளம் இருக்கிறது என்று தெரிந்த ஆள்தான்.

ஆனால் அவர்களுக்கு ஓர் அவசரம் இருந்தது. 2018 ஜனவரியில் மெக்மேன், 2020-இல் எக்ஸ்.எஃப்.எல்.லைத் திரும்பக் கொண்டுவரப்போவதாக அறிவித்தார். இரண்டே மாதத்தில், மார்ச் 20 அன்று, எபர்சாலும் போலியனும் ‘அலையன்ஸ் ஆஃப் அமெரிக்கன் ஃபுட்பால்’ என்ற லீக்கை அறிவித்தார்கள். சுருக்கமாக ஏ.ஏ.எஃப். மெக்மேனுக்கு ஒரு வருடம் முந்தி, 2019 பிப்ரவரியிலேயே ஆட்டம் தொடங்கும் என்றார்கள். எட்டு நகரம், எட்டு அணி, எட்டு கோச், நானூறுக்கு மேற்பட்ட வீரர்கள், மைதானங்கள், தொலைக்காட்சி ஒப்பந்தம், காப்பீடு, எல்லாவற்றுக்கும் கையில் இருந்தது 11 மாதம். என் கணிப்பில் பாதிக் கதை இங்கேயே முடிந்துவிட்டது.

இனிதான் இந்தக் கதையின் மையம்: அணிகளின் உரிமையாளர் யார்? ஐ.பி.எல்.லில் ஒவ்வோர் அணிக்கும் தனி முதலாளி இருக்கிறார். ஒருவருக்கு நஷ்டம் என்றால் அணியை இன்னொருவருக்கு விற்கலாம். என்.எஃப்.எல்.லும் ஏறக்குறைய அப்படித்தான். ஏ.ஏ.எஃப்.பில் எட்டு அணிகளுக்கும் ஒரே முதலாளி, லீக்தான். வீரர்கள் ஒப்பந்தம் போட்டதும் லீக்கோடு. ஆர்லாண்டோ அப்பல்லோஸ் என்பது அந்த நிறுவனத்தின் ஒரு கிளை, அவ்வளவுதான். அதற்கென்று தனி வங்கிக் கணக்கில் சேர்த்துவைத்த பணமோ, ‘என் அணி’ என்று நெஞ்சில் கைவைத்துச் செக் எழுதக்கூடிய உள்ளூர்ப் பணக்காரரோ கிடையாது.

இந்த அமைப்பே தவறு என்று சொல்ல முடியாது. 1996-இல் தொடங்கிய எம்.எல்.எஸ். கால்பந்து லீக்கும் சட்டப்படி ஒரே நிறுவனம்தான். இன்றும் நன்றாக நடக்கிறது. ஆனால் அங்கே லீக்கில் பங்கு வைத்திருக்கும் பணக்காரர்கள் ஒவ்வொருவரும் ஓர் அணியைத் தன் பொறுப்பில் எடுத்து நடத்துகிறார்கள். கிளைக்கு ஒரு காவலாளி இருக்கிறார். ஏ.ஏ.எஃப்.பில் அதுவும் இல்லை. ஒரே நிறுவனமாக இருப்பதில் ஆரம்பத்தில் வசதி உண்டு: சம்பளத்தை ஏற்றிவிட்டு அணிகள் ஒன்றையொன்று கவிழ்க்க முடியாது. எல்லா வீரர்களுக்கும் ஒரே மாதிரி மூன்று வருட ஒப்பந்தம், மொத்தம் 2,50,000 டாலர். முதல் வருடம் 70,000, அடுத்து 80,000, அடுத்து 1,00,000. உத்தரவாதம் இல்லை. என்.எஃப்.எல்.லில் அந்த வருடம் ஒரு புதுமுகத்தின் குறைந்தபட்சச் சம்பளம் 4,95,000 டாலர். வித்தியாசம் எவ்வளவு என்று பாருங்கள். ஆனாலும் என்.எஃப்.எல். கூப்பிட்டால் போகலாம் என்று ஒப்பந்தத்திலேயே வழி வைத்திருந்தார்கள். வீரர்கள் வந்ததும் அதற்காகத்தான்.

ஆர்லாண்டோவுக்கு வருவோம். கோச்சாக ஸ்டீவ் ஸ்பரியரைக் கொண்டுவந்தார்கள். ஃப்ளோரிடாவில் இந்தப் பெயருக்கு அறிமுகமே தேவையில்லை. ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்துக்கு ஆடி 1966-இல் நாட்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கியவர். பிறகு அதே பல்கலைக்கழகத்துக்குக் கோச்சாக வந்து 1996 சீசனில் தேசிய சாம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்தவர். அவர் முதன்முதலில் தலைமைக் கோச்சாக இருந்தது எங்கே தெரியுமா? இதே மாதிரி ஒரு புதிய லீக்கில்தான். 1983 முதல் 1985 வரை யு.எஸ்.எஃப்.எல். என்ற வசந்த கால லீக்கில் டாம்பா பே பேண்டிட்ஸ் அணியை நடத்தினார். அந்த லீக்கும் மூடப்பட்டது. எழுபது வயது தாண்டிய பிறகு மறுபடி அதே மாதிரி ஓர் இடத்துக்கு வந்து நின்றார்.

முதல் ஆட்டம் பிப்ரவரி 9, சனிக்கிழமை இரவு. சூப்பர் பவுல் முடிந்து ஆறே நாள். மத்திய ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் மைதானத்தில் சுமார் 20,000 பேர். எதிரணி அட்லாண்டா லெஜண்ட்ஸ். ஸ்பரியர் தன் வழக்கமான குறும்புத் திட்டம் ஒன்றை எடுத்துவிட்டார். வழக்கமாக எறிகிறவர் குவார்ட்டர்பேக், பிடிக்கிறவர் ரிசீவர். அன்று ரிசீவர் ஜேலின் மார்ஷல் பந்தை எறிய, குவார்ட்டர்பேக் காரெட் கில்பர்ட் ஓடிப்போய்ப் பிடித்து டச் டவுன் போட்டார். ஆர்லாண்டோ 40, அட்லாண்டா 6.

இந்த கில்பர்ட்டைப் பற்றி இரண்டு வரி. 2010 ஜனவரியில் நடந்த கல்லூரி இறுதி ஆட்டத்தில், டெக்சாஸ் அணியின் நட்சத்திரக் குவார்ட்டர்பேக் ஆரம்பத்திலேயே காயம்பட்டதால், முதலாண்டு மாணவரான இவரை உள்ளே அனுப்பினார்கள். டெக்சாஸ் தோற்றது. பிறகு வேறு கல்லூரிக்கு மாறி, என்.எஃப்.எல்.லில் அணி அணியாக அலைந்து, நிலையான இடம் கிடைக்காமல் இருந்தவர். ஆர்லாண்டோவில் எட்டு ஆட்டத்தில் 2,152 யார்டு எறிந்தார். லீக்கில் அவர்தான் முதல். அவர் எறிந்ததை அதிகம் பிடித்த சார்ல்ஸ் ஜான்சன், பந்து பிடித்து ஓடியதில் லீக்கில் முதல்.

வீரர்களை அணிகளுக்குப் பிரித்த முறை எனக்குப் பிடித்தது. எந்த மாநிலக் கல்லூரியில் ஆடினாயோ அந்தப் பக்கத்து அணிக்கே போ என்பதுதான் பொது விதி. ரசிகர்களுக்கு ஏற்கனவே தெரிந்த முகங்களே அணியில் இருக்கும். புதிய அணிக்கு ஒரே இரவில் வேர் முளைக்க வைக்கும் தந்திரம் இது. ஆர்லாண்டோவில் ஃப்ளோரிடாக் கல்லூரிப் பையன்கள் நிறைந்திருந்தார்கள்.

விதிகளிலும் சில மாற்றங்கள் செய்தார்கள். ஆட்டம் தொடங்கும்போது பந்தை உதைத்து அனுப்பும் கிக்ஆஃபை எடுத்துவிட்டார்கள்; இரு பக்கமும் முழு வேகத்தில் ஓடிவந்து மோதுவதால் காயம் அதிகம் நடக்கும் இடம் அது. டச் டவுனுக்குப் பிறகு ஒரு புள்ளிக்கு உதைக்கும் வழக்கமும் இல்லை. இரண்டு புள்ளிக்கு ஆடித்தான் ஆக வேண்டும். விளம்பர இடைவேளையைக் குறைத்தார்கள். நடுவர்கள் வீடியோ பார்த்து முடிவெடுக்கும்போது பேசிக்கொள்வதைப் பார்வையாளர்கள் நேரடியாகக் கேட்கலாம்.

வெளியில் தெரியாமல் இன்னொரு கஷ்டம் ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஓர் அணி உண்மையில் எதன்மேல் நிற்கிறது என்பது அங்கேதான் தெரிகிறது.

வேலை செய்யும்போது அடிபட்டால் சிகிச்சைச் செலவும் இழப்பீடும் கொடுக்கும் தொழிலாளர் காப்பீடு அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஃப்ளோரிடா சட்டம் தொழில்முறை விளையாட்டு வீரர்களை அதிலிருந்து ஒதுக்கிவைத்திருக்கிறது. பணக்கார என்.எஃப்.எல். அணிகளுக்கு இது பெரிய சிக்கல் இல்லை. வேறு ஏற்பாடு செய்துகொள்வார்கள். வருடம் 70,000 டாலர் சம்பளத்தில், முழங்கால் முறிந்தால் வாழ்க்கையே முறிந்துவிடும் நிலையில் இருக்கும் ஒரு வீரருக்கு அது உயிர்ப் பிரச்சினை. பக்கத்து மாநிலமான ஜார்ஜியாவின் சட்டத்தில் வீரர்களுக்குப் பாதுகாப்பு உண்டு. ஆனால் அந்தப் பாதுகாப்பு கிடைக்க வேண்டுமென்றால் வேலையின் பெரும்பகுதி ஜார்ஜியாவில் நடக்க வேண்டும்.

அதனால் என்ன செய்தார்கள்? சீசன் நடந்துகொண்டிருக்கும்போதே அணியின் பயிற்சியை மாநில எல்லைக்கு அந்தப் பக்கம், ஜார்ஜியாவின் கிங்ஸ்லேண்ட் என்ற சிறிய ஊருக்கு மாற்றிவிட்டார்கள். ஆர்லாண்டோவிலிருந்து ஏறக்குறைய 280 கிலோமீட்டர். சாலை வழியாகப் போனால் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆர்லாண்டோ பெயரில் ஆடும் அணி வாரம் முழுக்க வேறொரு மாநிலத்தில் பயிற்சி செய்துவிட்டு, ஆட்டத்துக்கு மட்டும் சொந்த ஊருக்கு விருந்தாளி மாதிரி வந்துபோனது. அந்த நிலையிலும் ஜெயித்துக்கொண்டே இருந்தார்கள் என்பதை நினைத்தால் அந்த வீரர்கள்மேல் எனக்கு மரியாதை கூடுகிறது. ஒரே தோல்வி மார்ச் நடுவில், அரிசோனா ஹாட்ஷாட்ஸிடம், 22-17. அடுத்த வாரமே அட்லாண்டாவை 36-6 என்று மறுபடி நொறுக்கினார்கள்.

11 மாதத்தில் லீக் கட்டினால் இப்படித்தான் ஆகும். நகரத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே கேட்டிருக்க வேண்டிய கேள்வி, அணி ஆடத் தொடங்கிய பிறகு வந்து நிற்கிறது.

இப்போது பணம். முதல் நாள் இரவு சி.பி.எஸ். தொலைக்காட்சியில் சராசரியாக 29 லட்சம் பேர் அளவுக்குப் பார்த்தார்கள். அன்றே இன்னொரு சேனலில் ஓடிய என்.பி.ஏ. கூடைப்பந்து ஆட்டத்தைவிட முதற்கட்டக் கணக்கில் அதிகம். எல்லாருக்கும் உற்சாகம். ஆனால் அதற்கடுத்த ஆட்டங்கள் பெரும்பாலும் கேபிள் சேனல்களில்தான் ஓடின. கூட்டமும் அங்கே குறைவு. சான் அன்டோனியோ மட்டும் விதிவிலக்கு, மைதானத்துக்கு 25,000-க்கு மேல் ஆட்கள் வந்தார்கள். மற்ற பல ஊர்களில் அதில் பாதிகூட இல்லை. என்.எஃப்.எல்.லைத் தூக்கி நிறுத்துவது சேனல்கள் வருடாவருடம் கொட்டும் ஒளிபரப்பு உரிமைப் பணம். புதிய லீக்குக்கு அந்தப் பணம் முதல் வருடத்தில் வராது. சில வருடம் நஷ்டத்தில் ஓட்டி, பார்வையாளர்களைச் சேர்த்து, அதைக் காட்டித்தான் கேட்க வேண்டும். அதுவரை தாக்குப்பிடிக்க ஆழமான பை வேண்டும்.

அந்தப் பைதான் ஓட்டையாக இருந்தது. முதலில் நம்பியிருந்த முதலீட்டாளரிடமிருந்து சொன்ன பணம் வந்து சேரவில்லை. முதல் வாரத்திலேயே சிலருக்குச் சம்பளம் தாமதமானது. சம்பளக் கணக்கு பார்க்கும் நிறுவனத்தை மாற்றியதால் வந்த தாமதம் என்றது லீக். அடுத்த வாரமே டாம் டண்டன் என்ற டெக்சாஸ் தொழிலதிபர், கரோலினா ஹரிகேன்ஸ் ஐஸ் ஹாக்கி அணியின் முதலாளி, 25 கோடி டாலர் போடப்போவதாக அறிவிப்பு வந்தது. தலைவர் பதவியும் அவருக்குப் போனது.

இந்த மாதிரி அறிவிப்புகளைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘போடுகிறேன்’ என்று சொல்வது வேறு, போட்டுவிட்டது வேறு. டண்டன் மொத்தத் தொகையையும் முதல் நாளே வங்கியில் போட்டுவிடவில்லை. செலவு வர வர, வாரா வாரம் கொடுத்துவந்தார். வேண்டாம் என்று தோன்றும் வாரத்தில் நிறுத்திவிடலாம். மார்ச் கடைசியில் அவர் வெளிப்படையாகவே பேசத் தொடங்கினார்: என்.எஃப்.எல். அணிகளின் பயிற்சிக் குழுவில் இருக்கும் இளம் வீரர்களை இந்த லீக்கில் ஆட விட வேண்டும், அதற்கு என்.எஃப்.எல். வீரர்கள் சங்கம் சம்மதிக்க வேண்டும், இல்லையென்றால் லீக்கைத் தொடர்வது கஷ்டம். சங்கம் எப்படி உடனே சம்மதிக்கும்? வசந்த காலத்தில் ஆடி அடிபட்ட வீரருக்கு இலையுதிர் காலத்தில் யார் பொறுப்பு? ஓய்வு மாதங்களைச் சண்டை போட்டு ஒப்பந்தத்தில் வாங்கிவைத்திருக்கிறார்களே, அதை ஒரு மாதப் பேச்சில் விட்டுக்கொடுப்பார்களா? சங்கத்தின் பக்கம் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன்.

மார்ச் 30 அன்று அப்பல்லோஸ் மெம்ஃபிஸ் எக்ஸ்பிரஸை 34-31 என்று ஜெயித்தது. மூன்று நாள் கழித்து எல்லாம் நின்றது. பத்து வார சீசனில் இரண்டு வாரம் பாக்கி. இறுதி ஆட்டத்துக்கு ஏப்ரல் 27 என்று தேதிகூடக் குறித்திருந்தார்கள்.

ஏப்ரல் 17 அன்று லீக் திவால் மனு போட்டது. கடன் 4.83 கோடி டாலர், சொத்து 1.13 கோடி டாலர், கையில் ரொக்கமாக இருந்தது 5,36,160 டாலர் என்றது மனு. 25 கோடி என்று பேசப்பட்ட டண்டன், நிறுத்தும்வரை சுமார் 7 கோடி டாலர் போட்டிருந்தார். வேலை போன வீரர்களில் சிலர் கலிஃபோர்னியாவில் வழக்குப் போட்டார்கள். அடிபட்டு சிகிச்சையில் இருந்தவர்கள், இனிப் பில்லை யார் கட்டுவார்கள் என்று தெரியாமல் தவித்தார்கள். கிங்ஸ்லேண்டுக்குப் போய்வந்த அலைச்சலுக்கு எவ்வளவு அர்த்தம் இருந்தது என்று இங்கே தெரியும்.

திவாலிலும் இரண்டு வகை இருப்பது புதிதாகப் படிப்பவர்களுக்குத் தெரிய வேண்டிய விஷயம். அமெரிக்கச் சட்டத்தில் 11-ஆவது அத்தியாயத்தின் கீழ் மனு போட்டால், கடனைச் சீரமைத்துத் தொழிலைத் தொடரலாம், அல்லது ஓடும் நிலையிலேயே இன்னொருவருக்கு விற்கலாம். 7-ஆவது அத்தியாயம் என்றால் கடையை மூடி, இருப்பதை விற்று, கடன்காரர்களுக்குப் பங்கிடுவது. ஏ.ஏ.எஃப். போட்டது 7. மெக்மேனின் எக்ஸ்.எஃப்.எல். 2020-இல் கொரோனாவால் ஐந்து வாரத்தில் நின்றபோது போட்டது 11. அதனால்தான் அந்த லீக்கை நடிகர் ட்வெய்ன் ஜான்சனும் கூட்டாளிகளும் 1.5 கோடி டாலருக்கு வாங்கி 2023-இல் மறுபடி நடத்த முடிந்தது. அப்பல்லோஸை அப்படி வாங்கிக் காப்பாற்ற ஆர்லாண்டோவில் ஒருவர் முன்வந்திருந்தாலும் வாங்குவதற்குத் தனியாக எதுவும் இல்லை. நிறுவனம் போனதும் கிளையும் போய்விட்டது. முதலில் கேட்ட கேள்விக்கு விடை இதுதான்: ஆடுகளத்தில் ஜெயிப்பதற்கும் உயிரோடு இருப்பதற்கும் நடுவில் இந்த அமைப்பில் எந்தத் தொடர்பும் வைக்கப்படவில்லை.

அப்படியானால் 2019-இன் சாம்பியன் யார்? யாருமில்லை. முதலிடத்தில் இருந்த நாங்கள்தான் என்று ஸ்பரியர் உரிமை கொண்டாடினார். மறுத்துப் பேச லீக்கே இல்லை.

ஆர்லாண்டோவுக்கு இது பழக்கப்பட்ட விஷயம் என்பதுதான் வருத்தம். 1985-இல் யு.எஸ்.எஃப்.எல்.லின் ஆர்லாண்டோ ரெனகேட்ஸ் ஒரே சீசன் ஆடியது. அடுத்த வருடத்திலிருந்து இலையுதிர் காலத்துக்கு மாறி என்.எஃப்.எல்.லோடு நேருக்கு நேர் மோதுவதென்று அந்த லீக் முடிவெடுத்திருந்தது. என்.எஃப்.எல்.மேல் ஏகபோக வழக்கும் போட்டிருந்தது. வழக்கில் ஜெயித்தது, நீதிமன்றம் கொடுத்த நஷ்டஈடு ஒரு டாலர், சட்டப்படி மூன்று மடங்காக்கி மூன்று டாலர். லீக் அதோடு முடிந்தது. 1992-இல் ஆர்லாண்டோ தண்டர் என்ற அணி ‘உலக லீக்’ என்ற இன்னொரு வசந்த கால லீக்கின் இறுதிக்குப் போய் சாக்ரமென்டோவிடம் 21-17 என்று தோற்றது. லீக் அமெரிக்காவிலிருந்து போய்விட்டது. 2001 எக்ஸ்.எஃப்.எல்.லில் ஆர்லாண்டோ ரேஜ் எட்டு வெற்றி, இரண்டு தோல்வி, லீக்கிலேயே சிறந்த கணக்கு, ஒரே சீசன். 2009-இல் யுனைடெட் ஃபுட்பால் லீக்கில் ஃப்ளோரிடா டஸ்கர்ஸ் ஆறு ஆட்டத்தில் ஆறையும் ஜெயித்து, இறுதியில் கூடுதல் நேரத்தில் தோற்றது. 2023-இல் மறுபடி நடந்த எக்ஸ்.எஃப்.எல்.லில் ஆர்லாண்டோ கார்டியன்ஸ் ஒரு வெற்றி, ஒன்பது தோல்வி. அதுவும் ஒரு சீசன்தான்.

ஏன் மறுபடி மறுபடி ஆர்லாண்டோ? பிப்ரவரியிலும் குளிர் கிடையாது. பெரிய மைதானங்கள் காலியாக இருக்கும். தொலைக்காட்சிச் சந்தை பெரியது. டாம்பாவுக்கும் ஜாக்சன்வில்லுக்கும் மயாமிக்கும் என்.எஃப்.எல். அணி உண்டு, ஆர்லாண்டோவுக்குக் கிடையாது. வரைபடத்தை விரித்து உட்காரும் எந்தப் புதிய லீக்குக்கும் அந்த இடம் கண்ணில் பட்டுவிடும்.

சரி, அப்பல்லோஸிடமிருந்து மிஞ்சியது என்ன? மறுபடி டேப்புக்கு வருகிறேன். லீக் நின்ற இரண்டு நாளில் வீரர்கள் என்.எஃப்.எல். அணிகளோடு பேசலாம் என்று விடுவித்தார்கள். கில்பர்ட்டை கிளீவ்லாந்து பிரௌன்ஸ் எடுத்தது. 2020 நவம்பரில் டல்லஸ் கவ்பாய்ஸுக்காக அவர் ஓர் ஆட்டத்தைத் தொடக்கத்திலிருந்து ஆடினார். சார்ல்ஸ் ஜான்சன் ஃபிலடெல்ஃபியாவுக்குப் போனார்.

எனக்கு மனதில் நிற்பவர் டியெர்னஸ்ட் ஜான்சன். ஃப்ளோரிடாவின் இம்மோகலீ என்ற விவசாய ஊர்ப் பையன். சவுத் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் ரன்னிங் பேக்காக ஆடினார். 2018-இல், கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் என்.எஃப்.எல். டிராஃப்ட்டில் யாரும் எடுக்கவில்லை. கீ வெஸ்ட் தீவுக்குப் போய் மீன்பிடிப் படகில் வேலை செய்துகொண்டிருந்தார். அங்கிருந்துதான் அப்பல்லோஸுக்கு வந்தார். எட்டு ஆட்டம் ஆடினார், லீக் மூடியது, அந்த எட்டு ஆட்டத்தின் பதிவைப் பார்த்து கிளீவ்லாந்து அவரைக் கூப்பிட்டது. இரண்டு வருடம் பெரும்பாலும் பெஞ்சில். 2021 அக்டோபர் 21, வியாழக்கிழமை இரவு, நாடு முழுக்கப் பார்க்கும் ஆட்டம். அணியின் முதல் இரண்டு ரன்னிங் பேக்குகளுக்கும் காயம். ஜான்சனை முதன்முறையாகத் தொடக்கத்திலிருந்து இறக்கினார்கள். 22 தடவை பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடி 146 யார்டும் ஒரு டச் டவுனும் எடுத்தார். கிளீவ்லாந்து 17, டென்வர் 14.